கழுவிய முட்டிகள்

நிலையத்தில் தரம் பார்க்கச் சேர்ந்த முதல் கிழமையே யாராவது உங்களிடம் கேட்பார்கள், "நீங்கள் குடிப்பியளோ?" என்று. என்னிடமும் கேட்டார்கள். இல்லை என்றேன். "அப்ப கள்ளு நல்லதோ பழுதோ எண்டு எப்பிடிச் சொல்லுவியள்?" என்று சிரித்தார்கள். பனங்கள்ளைப் போத்தலில் அடைக்கிற அந்த நிலையத்தில் இருபது வருடம் தரம் பார்த்தேன். ஒரு மிடறு விழுங்கியதில்லை. வெள்ளிக்கிழமை விரதம் பிடித்துக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாகக் கள்ளு வருகிற பிளாஸ்டிக் கானுக்குள் முகத்தை விட்டு மணந்துகொண்டிருந்தவள் நான். எங்கள் வீட்டில் என் வேலையைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை.

வெப்பமானி பிடிப்பதையும் புளிப்பு அளப்பதையும் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதை நான் திரும்பச் சொல்லி உங்களைக் களைப்பாக்கப் போவதில்லை. நான் செய்த ஒரு பிழையை எழுதுகிறேன். அது சின்னப் பிழை இல்லை. ஒரு மனிதரின் பிழைப்பையும் பெயரையும் அது கொண்டுபோகப் பார்த்தது.

அதற்கு முன்னால் எனக்கு வேலை பழக்கியவரைப் பற்றி இரண்டு வார்த்தை. எனக்கு முன்பு அந்தக் கதிரையில் இருந்தவர், அதிகம் பேசாத மனிதர். முதல் நாள் ஒரு கானின் மூடியைத் திறந்து, "காதை வையுங்கோ" என்றார். வைத்தேன். உள்ளே மெல்லிய இரைச்சல் கேட்டது. தகரக் கூரையில் தூறல் விழுகிறது என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். வெளியே வெயில் எரித்துக்கொண்டிருந்தது. அவர் சிரிக்கவில்லை. ஒரு துளியை எடுத்துக் கண்ணாடித் தட்டில் விட்டு நுணுக்குக்காட்டியில் காட்டினார். முட்டை வடிவத்தில் சின்னச் சின்ன உருண்டைகள். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று மெல்ல முளைத்துக்கொண்டிருந்தது. மதுவம், ஈஸ்ட், என்று பள்ளிக்கூடத்தில் எழுதிப் புள்ளி எடுத்திருக்கிறேன், ஆனால் அது உயிரோடு இருக்கும் என்று அன்றுவரை நான் நம்பியதில்லை என்றுதான் சொல்லவேண்டும். யாரும் போடாமல், யாரும் கூப்பிடாமல், பனையின் உச்சியில் தொங்குகிற ஒரு மண் முட்டிக்குள் கோடிக்கணக்கில் வந்து குடியிருந்து, இனிப்பைக் கள்ளாக்கிவிட்டு, சத்தமும் போடுகின்றன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போதும் அதை நினைத்தால் சிலிர்க்கிறது.

அவர் ஓய்வு பெறும்போது ஒன்றுதான் சொல்லிவிட்டுப் போனார். "மணந்ததை எழுதுங்கோ, மிஸ். ஆர் செய்தது எண்டு எழுதாதேங்கோ." இதைச் சொல்லவும் ஒரு ஆள் வேண்டுமா என்று நான் மனதுக்குள் நினைத்தேன்.

பல வருடம் கழித்து ஒரு மாரியில் வெள்ளம் வந்தது. நெல்லியடிப் பக்கம் கிணறுகள் எல்லாம் நிரம்பி வழிந்தன. வயிற்றோட்டம் பரவும் என்று பயம். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் கள் முட்டிகளையும் அலசுவார்கள். சீவல் தொடங்க இன்னும் சில கிழமைகள் இருந்தன. நிலையத்துப் போத்தல்களை நாங்கள் எப்போதும் குளோரின் தண்ணீரில் ஊறவைத்து அலசித்தான் எடுப்போம். அதே முறையை முட்டிகளுக்கும் வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. எங்களுக்குக் கள் தருகிற சீவல் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேருக்கும் ஒரு கடிதம் அடித்தேன். முட்டிகளைக் குளோரின் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்துக் கழுவ வேண்டும், அப்படிக் கழுவாதவர்களின் கள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது. கடைசி வரிக்குக் கீழே கோடும் போட்டேன். கடிதத்தோடு ஆளுக்கு ஒரு காகிதச் சரை குளோரின் தூளும் கொடுத்தேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு நிமிர்வு.

சீவல் தொடங்கி இரண்டாம் நாள். எல்லாருடைய கள்ளையும் ஒன்றாக ஊற்றும் பெரிய தாங்கியின் மூடியைத் திறந்தேன். ஆஸ்பத்திரி மணம். காயத்துக்கு மருந்து கட்டிய துணியை மூக்குக்குக் கிட்டப் பிடித்த மாதிரி. அன்றைய கள் முழுவதையும் கொட்டினோம். அடுத்த நாள் ஒவ்வொருவரின் கானையும் தனித்தனியாக மணந்தேன். பதினொன்று நல்லது. ஒன்றில் மட்டும் அந்த மணம். அது குணராசா அண்ணையின் கான்.

குணராசா அண்ணைக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினான்கு பனை சீவுகிறவர். முதலில் வருகிறவர், கானைத் துடைத்துக் கொண்டுவருகிறவர். விசயத்தைச் சொன்னேன். முகம் கறுத்துப்போயிற்று. பிறகு, "மிஸ், அந்தத் தூள் இன்னுமொரு சரை தருவியளோ?" என்று கேட்டார். கொடுத்தேன். அடுத்த நாள் மணம் இன்னும் கூடியிருந்தது. திரும்பவும் வந்து ஒரு சரை கேட்டார். கொடுத்தேன். என் கையாலேயே கொடுத்தேன் என்பதை நீங்கள் மறக்கவேண்டாம்.

வெறி கூட்டக் கள்ளில் மாத்திரை கலக்கிறார்கள் என்ற கதை அப்போது ஊரில் உலாவியது. மூன்று நாள் ஒரே கானில் மருந்து மணம் என்றதும் முகாமையாளர் என்னிடம் அறிக்கை கேட்டார். 'மருந்து போன்ற மணம்' என்று எழுதி நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. 'வெளிப்பொருள் ஏதோ கலக்கப்பட்டுள்ளது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். கலக்கப்பட்டுள்ளது என்றால் கலந்த கை ஒன்று இருக்கவேண்டும். அந்தக் கை யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். அன்றே அவருடைய கள்ளை ஏற்பது நிறுத்தப்பட்டது. ஞாயிறு காலை நிர்வாகக் கூட்டத்தில் நிலையத்தை நடத்துகிற சீவல் தொழிலாளர் சங்கத்திலிருந்து அவரை நீக்குவதாக ஏற்பாடு. நீக்கினால் எங்கள் பக்கத்தில் வேறு யாரும் அவரிடம் கள் வாங்கமாட்டார்கள். கலப்படக்காரன் என்ற பெயர் பனையில் ஏறி இறங்குகிற இடமெல்லாம் கூடவே வரும்.

கள்ளை ஏற்காவிட்டாலும் சீவாமல் விடமுடியாது. ஒரு நாள் விட்டால் பாளை காய்ந்துவிடும். ஆகவே அவர் காலையும் மாலையும் பதினான்கு மரத்திலும் ஏறிச் சீவி, இறக்கிய கள்ளை மரத்தடியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். எனக்கு மனம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் என் மூக்கில் எனக்கு நம்பிக்கை இருந்தது. மூக்கு சரியாகத்தான் சொன்னது. பிழை விட்டது நான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அவருடைய கடைசிக் கானிலிருந்து எடுத்து வைத்த மாதிரியைச் சும்மா ஒருமுறை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். அதை முதல் நாளே செய்திருக்கவேண்டும், மணத்தைக் கண்டதும் அவசரப்பட்டுவிட்டேன். தட்டு வெறுமையாக இருந்தது. தேடித் தேடிப் பார்த்ததில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மதுவம், அதிலும் பாதி சுருங்கிக் கிடந்தது. மாதிரி இருந்த போத்தலைக் காதில் வைத்தேன். சத்தமே இல்லை. அந்த அமைதியைக் கேட்டு நான் பயந்துவிட்டேன். வெறி ஏற்றுவதற்காகக் கள்ளில் எதையோ கலக்கிறவன் கள்ளையே கள்ளாக விடாமல் ஏன் செய்வான்? இதற்குள் இருந்தவற்றை யாரோ கொன்றிருக்கிறார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் மரத்தில் நின்றார். மனைவி தவமணி அக்காதான் படலையைத் திறந்தார். வாருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. "இவர் அப்பிடிச் செய்யிற ஆளில்லை, மிஸ்," என்றார். அவ்வளவுதான். கெஞ்சவில்லை.

கிணற்றடியில் ஒரு பலகை. அதன்மேல் பதினான்கு முட்டிகள் கவிழ்த்துக் காயவைத்திருந்தன. மரத்தில் ஒரு தொகுதி, வீட்டில் ஒரு தொகுதி, மாறி மாறிக் கட்டுவது அவர்கள் வழக்கம். ஒன்றை நிமிர்த்திப் பார்த்தேன். பழைய முட்டி ஒன்றின் உள்பக்கம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், மண்டி படிந்து பழுப்பாக இருக்கும். இது சூளையிலிருந்து அன்று எடுத்தது போல இருந்தது.

"எப்பிடிக் கழுவினனீங்கள்?" என்று கேட்டேன்.

"கடுதாசியிலை அரை மணித்தியாலம் எண்டு போட்டிருந்தது. கிருமி கிடந்தால் குடிக்கிற சனத்துக்கு வயித்தாலை போகும், ஒரு பகல் முழுக்க ஊறட்டும் எண்டு இவர்தான் சொன்னவர். பிறகு நீங்கள் மணக்குது எண்டு சொன்ன நாளிலையிருந்து ஒவ்வொரு நாளும் ஊறப்போடுறம். இப்ப தூளும் கூடப் போடுறம். மணம் போகுதில்லை, மிஸ்."

என் கடிதம் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. நான் கோடு போட்ட வரி பளிச்சென்று தெரிந்தது.

முட்டிக்குள் கொஞ்சம் சுடுதண்ணீர் ஊற்றி வைக்கச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து மணந்தேன். குளோரின். போத்தல் கண்ணாடி, அலசினால் போய்விடும். முட்டி மண், ஊறவைத்ததை எல்லாம் குடித்து வைத்துக்கொள்ளும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். அந்தக் குளோரினும் கள்ளில் இயல்பாகவே இருக்கிற சில சத்துகளும் சேர்ந்தால் வருகிற மணம்தான் அந்த ஆஸ்பத்திரி மணம். இதை நான் எங்கோ படித்திருந்தேன். படித்ததை மறந்து கடிதம் அடித்திருந்தேன். தவமணி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அதைக் குடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. குடித்தேன், வைத்துவிட்டுப் போனால் அது இன்னும் கேவலம்.

அடுத்த நாள் முகாமையாளரிடம் போனேன். "நீங்கள்தானே மிஸ் எழுதித் தந்தனீங்கள்?" என்றார். ஓம் என்றேன். "இப்ப இல்லையெண்டு சொன்னால் கூட்டத்திலை ஆர் நம்புவினம்? முதல் எழுதினதையோ, பிறகு சொல்லுறதையோ?" அவர் கேட்டது நியாயம். சொல்லி நம்பவைக்க முடியாது, கண்ணுக்கும் மூக்குக்கும் முன்னால் வைக்கவேண்டும் என்று தெரிந்தது.

ஒரே பனையில் மூன்று பாளைகளில் மூன்று முட்டி கட்டுவது என்று முடிவெடுத்தேன். மரம் ஒன்று, சீவுகிற கை ஒன்று, முட்டி மட்டும் வேறு. ஒன்று குணராசா அண்ணையின் கழுவிய முட்டி. ஒன்று சந்தையில் வாங்கிய புது முட்டி. மூன்றாவதாக, பாவனையில் உள்ள பழைய முட்டி ஒன்று தேவைப்பட்டது. செல்லத்துரை அண்ணை என்ற இன்னொரு சீவல்காரரிடம் கேட்டேன். அவர் ஏனோ தயங்கினார். கடைசியில் தந்தார், வாயை வடலிப் பனை ஓலையால் மூடிக் கட்டி. "நானே கட்டிறன், மிஸ். நீங்கள் கரைச்சல்படாதேங்கோ," என்றார். சனி பின்னேரம் அவரே ஏறி மூன்றையும் கட்டினார். ஞாயிறு காலையில் இறக்கி, நேரே கூட்டத்துக்குக் கொண்டுவந்தோம்.

மேசையில் மூன்று முட்டி. நிர்வாகத்தார் ஏழு பேர் முன்னால். பின்னால் மர வாங்குகளில் சீவல்காரர் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். குணராசா அண்ணை ஓரத்தில், சலவைச் சாரமும் சேட்டும் போட்டுக்கொண்டு, கைகளைத் தொடையில் வைத்தபடி இருந்தார். வழக்குக்கு வந்தவர் போல இல்லை, செத்தவீட்டுக்கு வந்தவர் போல இருந்தார்.

சங்கத் தலைவரை மணந்து பார்க்கச் சொன்னேன். கழுவிய முட்டியில் மூக்கை வைத்தவர் சட்டென்று தலையை எடுத்தார். "உதுதானே அந்த மணம்!" புது முட்டி இனிப்பாக, கெட்ட மணம் எதுவும் இல்லாமல், இன்னும் கள்ளாகாமல் இருந்தது. செல்லத்துரை அண்ணையின் முட்டியில் நுரை விளிம்புவரை ஏறிப் பொங்கிக்கொண்டிருந்தது. மணமோ, நான் குடிக்காதவள், எனக்கே நாவூறியது. ஒரே மரம். ஒரே இரவு. ஒன்றில் உயிர் செத்துக் கிடந்தது, ஒன்றில் இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது, ஒன்றில் கொண்டாடிக்கொண்டிருந்தது. மூன்றாவது முட்டியின் இரைச்சல் கடைசி வாங்குவரை கேட்டது.

"அப்ப இது குளோரினாலை வந்தது," என்றார் தலைவர். பிறகு அவர் மனதில் அடுத்த கேள்வி எழுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். செல்லத்துரை அண்ணையின் முட்டியைச் சரித்து உள்ளே பார்த்தார். பழுப்பு மண்டி, கனத்த படை. "பொறுங்கோ. உது கழுவின முட்டியோ?"

பின் வாங்குகளைப் பார்த்தேன். பதினொரு பேர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவரும் கழுவவில்லை. என் கடிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டு, தங்கள் தங்கள் முட்டிகளை வழமைபோலத் தண்ணீர் விட்டு அலசிக் கட்டியிருக்கிறார்கள். நான் சொன்னதை நம்பிச் செய்தவர் ஒரே ஒருவர். அந்த ஒருவரைத்தான் நான் கலப்படக்காரன் ஆக்கியிருந்தேன்.

அந்த இடத்தில் எனக்கு யோசிக்க இருந்தது ஒரு மூச்சு நேரம். உண்மையைச் சொன்னால், நான் கோடு போட்ட வரியின்படி பதினொரு பேரின் கள்ளும் நிறுத்தப்படும். கழுவினது என்று பொய் சொன்னால், குளோரினில் பிழையில்லை என்றாகி, குணராசா அண்ணை திரும்பவும் மாட்டுப்படுவார். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். அப்போது இரண்டு பக்கமும் யாரையாவது தள்ளிவிடலாம் போலத் தெரியும். தள்ளவேண்டியது யாரை என்று உங்களையே ஒருமுறை கேளுங்கள்.

"தலைவர், அந்தக் கடுதாசியே பிழை," என்றேன். "முட்டியைக் குளோரினிலை போடச் சொன்னது என்ரை பிழை. செய்தவரிலையும் பிழையில்லை, செய்யாதவையிலையும் பிழையில்லை. கடுதாசியையும் என்ரை அறிக்கையையும் கிழிச்சுப் போடுங்கோ. என்னிலை என்ன நடவடிக்கை எடுக்கிறதெண்டாலும் எடுங்கோ."

தலைவர் அறிக்கையை எடுத்து நான்காகக் கிழித்தார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது என் கோப்பில் கடைசிவரை இருந்தது. அதில் எனக்கு மனக்குறை இல்லை.

ஆனால் முட்டிகள்? ஊறின குளோரின் லேசில் போகாது. புது முட்டி வாங்கலாம், அதில் உயிர் குடியேறிப் பழகக் கிழமைக் கணக்காகும். இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு திங்கள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். படலைக்கு உள்ளே முட்டிகள் வரிசையாக இருந்தன. இருபத்தெட்டு. எல்லாம் பழையவை, எல்லாவற்றின் அடியிலும் முந்தின நாள் கள்ளின் மண்டி கொஞ்சம் விடப்பட்டிருந்தது. பதினொரு பேரும் ஆளுக்கு இரண்டு மூன்றாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரும் நின்று கதைக்கவில்லையாம். பதினொரு வீட்டு மதுவம் அந்த முற்றத்தில் கலந்து கிடந்தது. மூன்றாம் நாள் அவருடைய கானைத் திறந்தபோது அப்படி ஒரு மணத்தை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

திங்கள் காலைக்கே திரும்பி வருகிறேன். அவர் இடுப்பில் முட்டிகளைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றார். மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்கோ, மிஸ்," என்றார்.

"மற்றவை கழுவேல்லை எண்டு உங்களுக்கு எப்ப தெரியும், அண்ணை?"

"முதல் நாளே தெரியும். மேலை ஏறினால் பக்கத்து மரத்து முட்டியெல்லாம் கண்ணுக்கு முன்னாலைதானே."

"அப்ப ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை? அதைச் சொல்லியிருந்தால் உங்களிலை பிழையில்லை எண்டு அண்டைக்கே விளங்கியிருக்குமே."

அவர் தளைநாரைக் காலில் மாட்டினார். "கழுவாத ஆக்களின்ரை எடுக்கமாட்டம் எண்டெல்லோ நீங்கள் எழுதியிருந்தனீங்கள்," என்றார், குற்றம் சொல்லாத குரலில். "பதினொரு குடும்பம், மிஸ்."

பிறகு ஏறத் தொடங்கினார். அவர் பதினான்கு மரமும் ஏறி இறங்கும்வரை நான் அங்கேயே நின்றேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை.